மேரியின் பிறந்த வீடு எது? 1711-ஆம் ஆண்டு கனெக்டிகட் உயில் ஒன்றைப் படிக்க உதவி தேவை

நதியோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பதினாறு ஆண்டுகளாகக் கனெக்டிகட் மாநிலத்தில் வசிக்கிறேன். என் கணவரின் குடும்பம் காலனிக் காலத்திலிருந்தே இந்த ஆற்றங்கரையில் இருக்கிறது. என் மாமியாருக்கு எண்பத்தொரு வயது. கண் மங்கிக்கொண்டே வருகிறது. பார்வை முழுவதும் போவதற்குள் தன் முன்னோர் ஒருவரைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று தவிக்கிறார். பழைய கையெழுத்தைப் படிக்கும் பொறுமை வீட்டில் எனக்குத்தான் இருக்கிறது என்று சொல்லி, வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

அந்த முன்னோர் பெயர் ஜான். வெதர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பீப்பாய் செய்து பிழைத்தவர். குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை, அதே பெயரில் உறவினர்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள். என் மாமியாரிடமிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜான் ஒன்பதாவது தலைமுறை.

ஜானைப் பற்றி ஓரளவு தெரிகிறது. அவர் மனைவியைப் பற்றி மேரி என்ற பெயரைத் தவிர எதுவும் தெரியவில்லை. யார் மகள், எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்று ஒரு வரிகூட இல்லை. பதினொரு வயதான என் மகள் நான் எழுதி வைத்திருந்த வம்சாவளித் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஜானுக்கு அப்பா, தாத்தா எல்லாரும் இருக்கிறார்கள். மேரிக்கு ஏன் யாருமே இல்லை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நானும் வேறொரு வீட்டில் பிறந்து இந்தக் குடும்பத்துக்கு வந்தவள்தான்.

என்னிடம் இருப்பவற்றைச் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு பெரிய பைபிள் இருக்கிறது. நடுவே உள்ள ஏடுகளில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் பதிவு 1702, கடைசிப் பதிவு 1831. மாமியாருக்கு அது வேதவாக்கு. ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. நூற்றிருபத்தொன்பது ஆண்டுகளின் பதிவுகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருக்கின்றன. முகப்பைத் திருப்பினேன். பைபிள் அச்சான ஆண்டு 1834.

வலைத்தளங்களில் பதினொரு வம்சாவளிகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் மேரி, 1620-இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளைப் பிளிமத்துக்குக் கொண்டுவந்த மேஃப்ளவர் கப்பலில் வந்த ஒருவரின் பேத்தி என்று இருக்கிறது. ஒன்றில்கூட ஆதாரம் இல்லை. பணம் கொடுத்து ஒருவரிடம் வம்சாவளி எழுதி வாங்கினோம், அவரும் இதையேதான் அழகாக அச்சிட்டுக் கொடுத்தார். நானே பிளிமத் ஊர்ப் பதிவுகளைப் பார்த்தேன். அந்த மேரி பிளிமத்திலேயே வேறொருவரை மணந்து, 1715 வரை அங்கேயே பிள்ளை பெற்றிருக்கிறார். ஆக, அவர் நம் மேரி இல்லை. இதை இன்னும் மாமியாரிடம் சொல்லவில்லை.

கையில் உறுதியாக இருப்பது ஜானின் உயில் மட்டுமே. அதில்தான் இரண்டு சிக்கல்கள். உயிலில் 1711 பிப்ரவரி 3 என்று தேதி இருக்கிறது. அதே மாதக் கடைசியில் அவர் இறந்ததாக ஊர்ப் பதிவேடு சொல்கிறது. ஆனால் உயிலில் ஜான், தாமஸ் என்ற மகன்களோடு பேஷன்ஸ் என்ற மகளின் பெயரும் இருக்கிறது. பேஷன்ஸ் பிறந்தது 1711 நவம்பரில். பிறக்கப்போவது பெண் என்றும், அவளுக்கு வைக்கப்போகும் பெயர் இது என்றும் ஒன்பது மாதம் முன்பே எப்படித் தெரியும்?

இன்னொன்று. தன் உயில் ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பை "சகோதரன் சாமுவேல்" என்பவரிடம் ஜான் கொடுத்திருக்கிறார். சாமுவேலின் குடும்பப் பெயர் வேறு. கூடப்பிறந்தவருக்கு எப்படி வேறு பெயர் இருக்கும்?

தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.


பழைய ஏடு எழுதியது:

வணக்கம் சகோதரி. மாசசூசெட்சில் நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். கனெக்டிகட், மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்தின் பதிவுகளோடு முப்பது ஆண்டுகளாகப் பழகியிருக்கிறேன். பைபிளின் அச்சு ஆண்டைத் திருப்பிப் பார்த்தீர்களே, பாதி வேலையை அப்போதே செய்துவிட்டீர்கள். அந்த ஏட்டை எழுதியவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். 1834-க்குப் பிறகு யாரோ ஒரு பாட்டியோ அத்தையோ, கேட்டதையும் வேறு தாள்களில் கண்டதையும் ஒரே உட்காரலில் எழுதி வைத்திருக்கிறார். அவர் வாழ்நாளுக்குள் நடந்தவற்றுக்கு அது நல்ல சாட்சி. 1702-க்கு அது செவிவழிச் செய்தி மட்டுமே.

தேதிச் சிக்கல் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அன்றைக்கு இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் ஆண்டு பிறந்தது ஜனவரி 1-இல் அல்ல, மார்ச் 25-இல். 1711 மார்ச் 25-இல் தொடங்கிய ஆண்டு ஏப்ரல், நவம்பர், டிசம்பர் எல்லாம் கடந்து, ஜனவரி, பிப்ரவரியும் கடந்து, மார்ச் 24-இல்தான் முடிந்தது. ஆகவே 1711 நவம்பருக்குப் பிறகு வருவதுதான் 1711 பிப்ரவரி. நம் கணக்கில் அது 1712 பிப்ரவரி. ஜான் உயில் எழுதியபோது பேஷன்ஸ் மூன்று மாதக் கைக்குழந்தை. கவனமான எழுத்தர்கள் இந்த மாதங்களுக்கு 1711/12 என்று இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து எழுதுவார்கள். உங்கள் எழுத்தர் அப்படி எழுதவில்லை, அவ்வளவுதான். 1752-இல்தான் ஆண்டுப் பிறப்பு ஜனவரிக்கு மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று பதினொரு நாட்களையும் கழித்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் அன்றைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. இன்று நாம் கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. பழைய பதிவில் "முதல் மாதம்" என்று எண்ணால் குறித்திருந்தால் அது மார்ச் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் குறிப்பில் தேதியைத் திருத்தி எழுதாதீர்கள். 1711/12 என்றே எழுதுங்கள். திருத்தினால் அடுத்து வருபவர் இன்னொரு முறை திருத்திவிடுவார்.

இப்போது சாமுவேல். இங்கேதான் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நமக்கு மைத்துனர் வேறு, சகலை வேறு, உடன்பிறந்தவர் வேறு. அன்றைய ஆங்கிலத்தில் இவர்கள் எல்லோருமே "சகோதரன்"தான். மனைவியின் அண்ணன் தம்பி, தங்கையின் கணவர், மனைவியின் தங்கை கணவர், மாற்றாந்தந்தையின் மகன், ஒரே தேவாலயச் சபையைச் சேர்ந்தவர் என யாரை வேண்டுமானாலும் அப்படி எழுதுவார்கள். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளையும்கூட "கசின்" என்று எழுதிய உயில்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "மாமியார்" என்று இருந்தால் அது மாற்றாந்தாயாகவும் இருக்கலாம். அதனால் அந்தச் சொல்லைக் கண்டால் உடனே மொழிபெயர்க்காமல், இந்த இடத்தில் தமிழில் என்னென்ன உறவாக இருக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள். ஜானுக்குச் சகோதரிகள் யார், அவர்களை மணந்தவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். சாமுவேல் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அவர் மேரியின் பக்கத்து ஆள் என்ற சாத்தியம் வலுவாகிறது.

"சீனியர்", "ஜூனியர்" என்ற சொற்களும் ஏமாற்றும். அவர்கள் அப்பா மகனாக இருக்கத் தேவையில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூத்தவரையும் இளையவரையும் பிரித்துச் சொல்ல மட்டுமே பயன்பட்டன. மூத்தவர் இறந்ததும் ஜூனியரே சீனியர் ஆகிவிடுவார்.

மேரியைத் தேடும் வழிக்கு வருகிறேன். நீங்கள் இதுவரை ஜானின் குடும்பப் பெயரை வைத்துத்தான் தேடியிருப்பீர்கள். மூன்று சிறு பிள்ளைகளோடும் கொஞ்சம் நிலத்தோடும் விதவையான பெண் ஓரிரு ஆண்டுகளுக்குள் மறுமணம் செய்துகொள்வது அன்று மிகச் சாதாரணம். மேரியும் அப்படிச் செய்திருந்தால், அவருடைய அப்பா இறக்கும்போது பாகப்பிரிவினையில் அவர் மூன்றாவதாக ஒரு குடும்பப் பெயரோடு இருப்பார். பிறந்த வீட்டுப் பெயரும் இருக்காது, ஜானின் பெயரும் இருக்காது. பெண்கள் பதிவுகளில் காணாமல் போவது இப்படித்தான். உண்மையில் அவர்கள் எங்கும் போய்விடவில்லை, நாம்தான் தவறான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே உயிலோடு நிறுத்தாதீர்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மேரியிடம் இருந்திருந்தால், சில ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் வரவு செலவுக் கணக்குக் கொடுத்திருப்பார். அந்தக் கணக்கில் "இப்போது இன்னாரின் மனைவியாகிய மேரி" என்று இருக்கும். அடுத்து, பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமித்த பதிவு. அப்பா இறந்த பையனுக்குப் பதினான்கு வயதானதும், பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதானதும் தங்கள் காப்பாளரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். மூத்தவன் 1702-இல் பிறந்தவன் என்றால் 1716-ஐ ஒட்டிப் பாருங்கள். அவன் யாரைத் தேர்ந்தெடுத்தான் என்பது முக்கியம். அப்பாவின் நிலத்தில் கண் வைத்திருக்கும் சித்தப்பாவைவிடத் தாய்மாமனை நம்பிய பிள்ளைகள் இங்கேயும் உண்டு.

எங்கே பார்ப்பது? சார்லஸ் வில்லியம் மான்வேரிங் என்பவர் ஹார்ட்ஃபோர்டு வட்டத்தின் 1635 முதல் 1750 வரையிலான உயில் பதிவுகளைச் சுருக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறார். உங்களுக்கு இரண்டாம் தொகுதி வேண்டும். பிறப்பு இறப்புக்குப் பார்பர் தொகுப்பு. இரண்டும் சுருக்கங்கள், அவற்றை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூலத் தாள்கள் ஹார்ட்ஃபோர்டில் உள்ள மாநில நூலகத்தில் இருக்கின்றன. நேரில் போக முடியாவிட்டால் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். கையெழுத்துப் பதிவுகளைக் கணினியே படித்துச் சொல் சொல்லாகத் தேடித்தரும் வசதியும் அங்கே வந்துவிட்டது. குடும்பப் பெயரை விட்டுவிட்டுச் சாமுவேலின் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

நிலப் பத்திரங்கள் கனெக்டிகட்டில் மாவட்டத் தலைநகரில் கிடையாது, அந்தந்த ஊர் எழுத்தரிடம்தான் இருக்கும். நான்கெல்லை எழுதும்போது பக்கத்து நிலக்காரர்களின் பெயர்கள் வரும். அப்பா சொத்தில் தன் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் போதும், மொத்தக் குடும்பமும் வரிசையாக நிற்கும்.

மேஃப்ளவர் விஷயத்தில் மாமியாரிடம் மென்மையாகச் சொல்லுங்கள். வெதர்ஸ்ஃபீல்டின் முதல் குடியேறிகளில் பெரும்பாலோர் பாஸ்டனுக்கு அருகில் உள்ள வாட்டர்டவுனிலிருந்து 1630-களில் வந்தவர்கள். பிளிமத் அவர்கள் வந்த வழியே இல்லை. பெருமைக்குரிய ஒரு பெயரைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. கஸ்டாவ் ஆன்ஜோ என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்காரக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளிகளை எழுதி விற்றே வாழ்ந்தார். உண்மையான பதிவுகளுக்கு நடுவே ஒரே ஒரு பொய்க் கண்ணியைச் செருகிவிடுவார். அந்தப் பொய்களை இன்றும் நல்ல மனிதர்கள் நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. பொய்யாக ஒரு பாட்டியை ஒட்டவைக்கும்போது, உண்மையான பாட்டி ஒருத்தியை வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறோம்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

மரபணுச் சோதனை செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். ஒன்பது தலைமுறை பின்னே போனால் அந்த வரிசையில் 512 முன்னோர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிதான் கடத்தப்படுகிறது. அந்தத் தூரத்தில் உள்ள பாட்டி ஒருவரிடமிருந்து உங்கள் மாமியாருக்கு ஒரு துண்டுகூட வராமல் போயிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியே ஏதாவது வந்திருந்தாலும், அது மேரியிடமிருந்துதான் வந்தது என்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம். சிறிய ஊர்களில் அதே குடும்பங்கள் மீண்டும் மீண்டும் தங்களுக்குள் பெண் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். தாய்வழி மரபணு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது தாயிலிருந்து மகள், மகளிலிருந்து அவள் மகள் என்று இடையில் ஓர் ஆண்கூட வராமல் இறங்கினால்தான் பயன்படும். நீங்கள் மேரியின் எந்தப் பிள்ளை வழியாக வருகிறீர்கள்? மகன் வழி என்றால் அந்தக் கதவு மூடியாகிவிட்டது. பழைய ஏடு அம்மா சொன்ன காகித வழிதான் உங்களுக்கு நல்லது.


நதியோரம் எழுதியது:

தாமஸ் வழியாக வருகிறோம் ஐயா. ஆகவே மூடிய கதவுதான். தெளிவாகச் சொன்னதற்கு நன்றி.

பழைய ஏடு அம்மா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். தேதி விஷயத்தைச் சொன்னதும் மாமியார் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அப்படியானால் அந்தக் குழந்தையை அவர் கையில் தூக்கியிருக்கிறார்" என்று சொன்னார். அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

ஒரு சிறு சந்தேகம். மூலத் தாளில் சில எழுத்துகள் என்னவென்றே தெரியவில்லை. "எஃப்" போல நிறைய வருகிறது, ஆனால் அப்படிப் படித்தால் சொல்லே அமையவில்லை.


பழைய ஏடு எழுதியது:

அது நீண்ட "எஸ்". சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் அப்படித்தான் எழுதுவார்கள், கடைசியில் மட்டும் இன்றைய "எஸ்" வரும். நடுக்கோடு முழுதாகக் குறுக்கே ஓடினால் "எஃப்", இல்லையென்றால் "எஸ்". "ஒய்" எழுத்தின் தலைமேல் சின்னதாக "ஈ" இருந்தால் அதை "தி" என்று படியுங்கள். ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது, இடம் பார்த்துத்தான் மெய்யா உயிர்மெய்யா என்று முடிவுசெய்வோம். அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். ஒரு சொல் புரியாவிட்டால் அதே எழுத்தர் எழுதிய வேறு பக்கத்தில், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயரைத் தேடி, அதில் அவர் அந்த எழுத்தை எப்படி வளைக்கிறார் என்று பாருங்கள்.


ரிச்மண்ட் வாசி எழுதியது:

நியூ இங்கிலாந்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் பக்கம் வர்ஜீனியாவில் பல மாவட்டங்களின் பதிவுகளே இல்லை. உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஜேம்ஸ் சிட்டி போன்ற மாவட்டங்கள் தங்கள் பதிவேடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்தன. 1865 ஏப்ரலில் ரிச்மண்டே தீப்பற்றி எரிந்தது, எல்லாம் போயிற்று.

எங்களுக்கு மிஞ்சியவற்றில் நில மானியப் பதிவுகள் பெரியவை. கடல் கடந்து ஓர் ஆளைத் தன் செலவில் அழைத்துவந்தால் தலைக்கு 50 ஏக்கர் கிடைக்கும். அழைத்துவரப்பட்டவர்களின் பெயர்களை மானியப் பத்திரத்தில் பட்டியல் போடுவார்கள். பத்திரத் தேதியை அவர்கள் வந்த தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிமையைக் கைமாற்றி விற்றுப் பல ஆண்டுகள் கழித்துப் பதிந்ததும் உண்டு.

இந்த இழைக்குக் கொஞ்சம் விலகல்தான், ஆனாலும் தமிழ் படிக்கும் யாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. 1630-களில் ஜார்ஜ் மெனிஃபி என்ற வணிகர் பெற்ற மானியத்தில், அழைத்துவரப்பட்டோர் பட்டியலில் டோனி என்று ஒரு பெயர் இருக்கிறது. பக்கத்தில் "கிழக்கிந்தியன்" என்ற குறிப்பு. நம் பக்கத்திலிருந்து கப்பலேறி அமெரிக்கக் காலனிக்கு வந்தவர்களில் எழுத்தில் பதிவான முதல் ஆட்களில் ஒருவர். எந்த ஊர், அம்மா அப்பா வைத்த பெயர் என்ன, எதுவும் இல்லை. டோனி என்பது நிச்சயம் அவர் வீட்டில் கூப்பிட்ட பெயராக இருக்காது. நான் அந்த வரியின் நகலை எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் மகள் கேட்ட அதே கேள்விதான் எனக்கும் வருகிறது. மேரிக்குத் தேட வழி இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.


நதியோரம் எழுதியது:

ஏழு வாரம் ஆகிவிட்டது. கிடைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஜானின் சகோதரிகளைப் பார்த்தேன். இருவர். இருவரும் மணந்தவர்களின் பெயர் சாமுவேல் இல்லை. ஜானின் அம்மா மறுமணம் செய்யவில்லை, ஆகவே மாற்றாந்தந்தை வழிச் சகோதரனும் இல்லை. மிச்சம் இருந்தது மைத்துனர், சகலை, சபைச் சகோதரன். அம்மா சொன்னபடி தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன்.

1716-இல் மூத்தவன் ஜான் நீதிமன்றத்துக்கு வந்து காப்பாளரைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். தேர்ந்தெடுத்தது மாமா சாமுவேலை. ஆங்கிலத்தில் மாமாவும் சித்தப்பாவும் ஒரே சொல்தானே, அதனால் துள்ளிக் குதிக்காமல் மேலே தேடினேன். அதே பெட்டியில், 1714-இல் கொடுத்த கணக்கு ஒன்று இருந்தது. நீங்கள் சொன்னது அச்சுப்பிசகாமல் அப்படியே. மேரி அப்போது ஆற்றுக்கு அக்கரையில் கிளாஸ்டன்பரியில் ஒருவரின் மனைவி. முன்பு வெதர்ஸ்ஃபீல்டோடு சேர்ந்திருந்து 1693-இல் தனி ஊரான இடம்தான் அது. என் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம். மூன்று ஆண்டுகளாக ஆற்றின் தவறான கரையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புதிய பெயரை வைத்துக்கொண்டு சாமுவேலின் அப்பாவுடைய சொத்துப் பதிவைத் தேடினேன். அவர் உயில் எழுதாமலே 1723-இல் இறந்திருக்கிறார். உயில் இருந்திருந்தால் ஒருவேளை "என் மகள் மேரிக்கு" என்று ஒரே வரியோடு முடித்திருப்பார். உயில் இல்லாததால் நீதிமன்றமே எல்லோரையும் பெயர் சொல்லிப் பங்கு பிரித்திருக்கிறது. விதவைக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் ஆயுள்வரை. மூத்த மகன் சாமுவேலுக்கு இரட்டைப் பங்கு. மற்ற நால்வருக்கும் ஒவ்வொரு பங்கு. அந்த நால்வரில் மூன்றாவது பெயர் மேரி, கிளாஸ்டன்பரிக்காரரின் மனைவி. அந்தக் கிளாஸ்டன்பரிக்காரருக்கு இடையில் வேறு ஒரு மேரி மனைவியாக வந்துவிட்டாரோ என்றும் பார்த்தேன். ஜானின் விதவையாக வந்த அதே மேரி 1741-இல் அங்கேயே இறந்திருக்கிறார்.

இன்னொன்றைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. பங்கு பிரிக்கும்போது, கல்யாணத்தின்போது அப்பா ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். மேரியின் பெயருக்கு நேரே ஓர் இறகு மெத்தை, ஒரு பெரிய பித்தளைக் கொப்பரை என்று எழுதி, பவுண்டு ஷில்லிங் கணக்கும் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் ஜானின் சொத்துப் பட்டியலை மறுபடி எடுத்தேன். 1711/12 மார்ச்சில் அக்கம்பக்கத்தார் இருவர் வீட்டுக்குள் நடந்து நடந்து எழுதியது. வாய்ச்சி, இழைப்புளி, இரும்பு வளையங்கள், பாதி முடித்த பீப்பாய்கள், ஒரு பசு, நூற்கும் சக்கரம். அதற்குக் கீழே ஒரு வரி, அடியில் ஒட்டுப் போட்ட பெரிய பித்தளைக் கொப்பரை. இந்த வரியை நான் முன்பு பத்து முறையாவது தாண்டிப் போயிருக்கிறேன். ஒரே கொப்பரைதான் என்று நிரூபிக்க முடியாது என்பது தெரியும். ஆனால் பிறந்த வீட்டுச் சீராக வந்த பாத்திரம், பத்தாண்டு புழங்கி, அடி ஓட்டையாகி, ஒட்டுப் போட்டு, மறுபடி அடுப்பேறி இருந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போன வியாழக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மாநில நூலகத்துக்குப் போனேன். மேரி தன் பங்கைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். கணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மேரி கையெழுத்துப் போடவில்லை, குறியிட்டிருக்கிறார். தலைகீழான "எம்" போல இரண்டு கோணங்கள். இரண்டாவது கோணத்தில் பேனா அழுந்தி மை பரவியிருக்கிறது. மகள் திரையைத் தொடாமல், காற்றில் அந்தக் கோடுகளை விரலால் எழுதிப் பார்த்தாள்.

மாமியாரிடம் மேஃப்ளவர் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு மேரியின் அப்பா பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பைபிளில் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அந்தப் பக்கம் எழுதியவருடையது, அதில் நாம் கை வைக்கக் கூடாது என்றார். ஆகவே தனித் தாளில், மேரியின் அப்பா பெயர், உடன்பிறந்த நால்வரின் பெயர்கள், எந்தப் பதிவு, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம், நான் அதைப் பார்த்த தேதி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினேன், அவருக்குப் படிக்க வசதியாக. கீழே மகளும் நானும் கையெழுத்திட்டோம். தாள் இப்போது 1702-க்கும் அதற்கு அடுத்த ஏட்டுக்கும் நடுவே இருக்கிறது.